புறம்போக்கு: சித்தூரிலும் திருப்பதியிலும் பொதுநிலத்தின் நாளைய பயன்

புறம்போக்கு என்னும் சொல் தமிழ் ஊர்களிலிருந்து கிளம்பி வருவாய்த்துறைக் கணக்கேட்டுக்குள் நுழைந்தது. தெலுங்கில் 'போரம்போக்கு' ஆயிற்று. ஆங்கில அரசாணைகளிலும் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே தங்கிவிட்டது. தீர்வைக் கணக்குக்குப் புறத்தே விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். ஏரி, குளம், ஓடை, வண்டிப்பாதை, மந்தைவெளி, களம், சுடுகாடு ஆகியவை ஊர் முழுவதற்கும் வேண்டியவை. ஆகவே அவற்றுக்குத் தீர்வை போடவில்லை. ஒருவர் பெயரில் பட்டாவும் கொடுக்கவில்லை. அதே சொல் இன்று பேச்சு வழக்கில் ஒரு வசை. எல்லோருக்கும் உரியது என்ற பொருள் தேய்ந்து, எவருக்கும் உதவாதது என்ற பொருள் ஏறியதற்கும், நகரங்களில் பொதுநிலம் கரைந்துபோனதற்கும் உள்ள உறவு தற்செயலானது அன்று. ஒரு நிலத்தைச் 'சும்மா கிடக்கிறது' என்று எழுதியவுடன் அதை வேறொன்றாக மாற்றும் வேலை பாதி முடிந்துவிடுகிறது.

சித்தூரும் திருப்பதியும் இந்த மாற்றத்தைத் தமிழ் வாசகர் நெருங்கிப் பார்க்க ஏற்ற இடங்கள். சித்தூர் 1911 வரை வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று வடஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களிலிருந்து பிரித்த பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953 அக்டோபர் 1 அன்று அது ஆந்திர மாநிலத்தோடு போயிற்று. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்தின் பக்கம் வந்தது. எல்லைக்கோடு இப்படி நகர்ந்தாலும் நிலச் சட்டத்தின் அடித்தளம் இரு பக்கமும் ஒன்றாகவே நின்றது. சென்னை மாகாணத்தின் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமும் வருவாய் வாரிய நிலையாணைகளும் இரு மாநிலங்களுக்கும் பொதுவான முதுசொம். காட்பாடியில் பணிபுரியும் கிராம நிர்வாக அலுவலரும் சித்தூரில் பணிபுரியும் வி.ஆர்.ஓ. எனப்படும் கிராம வருவாய் அலுவலரும் அடங்கல், புறம்போக்கு, ஜமாபந்தி என்ற சொற்களைக் கொண்டே ஒருவருக்கொருவர் வேலையை விளக்கிவிட முடியும்.

அளவிலும் இவை சிறு நகரங்களே. 2011 கணக்கெடுப்பின்படி திருப்பதி நகரில் 2.87 லட்சம் பேர். சித்தூரில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம். திருப்பதி நகராட்சி 1886-இல் அமைந்து 2007-இல் மாநகராட்சி ஆயிற்று. சித்தூர் நகராட்சி 1917-இல் தோன்றி 2012-இல் அந்த நிலையை எட்டியது. திருப்பதி நகர வளர்ச்சி ஆணையம், ஊர்வழக்கில் 'துடா', 1981-இல் ஏற்பட்டது. சித்தூருக்கு அத்தகைய ஆணையம் 2019-இல்தான் வந்தது. 2016 செப்டம்பரில் மதுரை, சேலம், தஞ்சாவூர், வேலூர் ஆகியவற்றோடு ஒரே பட்டியலில் திருப்பதியும் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்துக்குத் தேர்வாயிற்று. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டம் ஆனது. இந்த மாற்றம் ஒவ்வொன்றும் நிலம் கேட்டது. அலுவலகத்துக்கும் சாலைக்கும் குடியிருப்புக்கும் கல்லூரிக்கும் இடம் தேடியவர்கள் முதலில் புரட்டியது புறம்போக்குப் பட்டியலைத்தான்.

கணக்கேட்டின் ஒரு பக்கம்

பொதுநிலம் எங்கே இருக்கிறது என்று அறிய மறுநிலவரித்திட்டப் பதிவேட்டைப் பிரிக்கவேண்டும். ஆர்.எஸ்.ஆர். என்று அழைக்கப்படும் இதற்கு ஆந்திரப் பகுதியில் 'டைகிளாட்' என்ற பெயரும் உண்டு. இருமொழிப் பதிவு என்பதால் வந்த பெயர் அது. ஒரு பக்கத்தில் சர்வே எண், உட்பிரிவு, அரசு நிலமா இனாமா என்ற பகுப்பு, நஞ்சை, புஞ்சை அல்லது புறம்போக்கு என்ற வகை, ஏக்கரிலும் சென்டிலும் பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர், கடைசியில் குறிப்பு என்று பத்திகள் ஓடும். ஏரிக்கு எதிரே பெயருக்கான பத்தி வெறுமையாக இருக்கும். குறிப்புப் பத்தியில் 'ஏரி' என்று ஒரு சொல். நூற்றுக்கணக்கான ஏக்கருக்குக் காவல் அந்த ஒரு சொல்தான்.

சில எண்களுக்கு எதிரே பெயரும் இல்லை, புறம்போக்கு என்ற குறிப்பும் இல்லை. வரிசையாகப் புள்ளிகள் மட்டும் இட்டிருக்கும். நிலம் இன்னாருடையது என்று அளவையின்போது தெளிவாகாததால் எழுத்தர் இட்டு வைத்த புள்ளிகள் அவை. தெலுங்கில் இவற்றைச் 'சுக்கல பூமுலு' என்பர், புள்ளி நிலங்கள். பத்திரப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின் கீழ் விற்கத் தடை விதித்த பட்டியலில் இவை சேர்க்கப்பட்டதால், தலைமுறைகளாக உழுதவரும் விற்க முடியாமல் நின்றார். அரசும் அதைத் தன் நிலம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இந்தச் சிக்கலைத் தீர்க்கவே ஆந்திரப் பிரதேசம் 2017-இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் இட்ட புள்ளி இன்றைய நகரத் திட்டத்தைத் தடுத்து நிறுத்தும் வலிமை உடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பொதுநிலம் பல வழிகளில் வந்து சேர்ந்தது. ரயத்துவாரிக் கிராமங்களின் புறம்போக்கு ஒரு வழி. கார்வேட்டிநகரம், புங்கனூர், கங்குந்தி, காளஹஸ்தி போன்ற ஜமீன்களின் ஏரிகளும் தரிசுகளும் காடுகளும் 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் அரசின் கைக்கு மாறியது இன்னொரு வழி. நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் மூலம் துறைகள் வாங்கியவை, மனைப்பிரிவு போடுவோர் திறந்தவெளியாக நகராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித்தரும் பத்தில் ஒரு பங்கு, ரயில்வேயும் அரசுப் போக்குவரத்துக் கழகமும் வைத்திருக்கும் பெரும் மனைகள் ஆகியவை மற்றவை. கோயில் நிலமும் மடத்து நிலமும் இந்தக் கணக்கில் சேரா. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1933-இல் தனிச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன் 1843-இலிருந்து ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளின் பொறுப்பில் கோயில் இருந்தது. அறநிலையம் அரசு நிலம் அன்று. ஆனால் திருப்பதியில் இரண்டும் வேலியடுத்த அண்டை என்பதால், ஒன்றின் தேவை மற்றதன் மேல் விழுவது வழக்கம்.

இங்கே ஒரு முரண்பாடு உண்டு. அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் நகரத் திட்டமிடலையும் நிலப் பயன்பாட்டு ஒழுங்கையும் நகராட்சிகளுக்கு உரிய பணிகளாகப் பட்டியலிட்டது. நிலமோ பெரும்பாலும் வருவாய்த்துறையிடம் இருக்கிறது, ஏரி நீர்வளத்துறையிடம், பெருந்திட்டம் வகுப்பது வளர்ச்சி ஆணையம். நகரத்தில் வாழ்பவர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாமன்றத்துக்கு நகரின் பெரும்பகுதிப் பொதுநிலத்தின் மேல் கையெழுத்துரிமை இல்லை. திருப்பதியை அடுத்துள்ள அவிலாலா ஏரிக்கும் பேரூர் ஏரிக்கும் நேர்ந்ததைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி தேவை.

இரண்டு ஏரிகள்

ஏரிக்கு உறுப்புகள் உண்டு. மலையடியிலிருந்து நீரைக் கொண்டுவருவது வரத்துக்கால். தெலுங்கில் அத்தகைய ஓடைக்கு 'வங்க' என்று பெயர். தாழ்ந்த பக்கத்தில் பிறைபோல வளைந்த கரை. கரையில் மதகு, அங்கே அது 'தூமு'. மிகுநீர் வழியக் கலங்கல், அங்கே 'அலுகு'. கரைக்குப் பின்னே ஆயக்கட்டு வயல்கள். கரைக்கு முன்னே, மழைக்காலத்தில் நீருக்கு அடியிலும் கோடையில் வெடித்த வண்டலாகவும் கிடப்பது உள்வாய். ஒரு கலங்கலில் வழிந்த நீர் அடுத்த ஏரிக்கு வரத்து. இப்படித் தொடராகவே ஏரிகள் அமைந்தன. ஒன்றைத் தனியே பிடுங்கி எடுத்தால் சங்கிலி அறும்.

நகரம் வளரும்போது முதலில் போவது ஆயக்கட்டு. வயல் மனையாகிறது, திருப்பதியில் ஏக்கரில் கிடந்த நிலத்தை 'அங்கணம்' என்னும் மனையளவைக் கணக்கில் பேசத் தொடங்குகிறார்கள். பாசனம் இல்லாததால் மதகைத் திறந்து மூட ஆள் வேண்டியதில்லை. அடுத்து வரத்துக்காலின் குறுக்கே சாலை வருகிறது, குழாய் அடைகிறது. ஏரிக்கு நீர் குறைகிறது. அதன் பிறகு ஒரு கோப்பில், 'ஏரி வறண்டது, பாசனப் பயன் இல்லை, நிலம் காலியாக உள்ளது' என்று குறிப்பு எழுதப்படுகிறது. குறிப்பில் பொய் ஏதும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பாசனம் நின்ற பின்னும் ஏரி மூன்று வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது. பெய்த நீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளை ஊறவைக்கிறது. பெருமழையில் மலையிலிருந்து பாயும் வெள்ளத்தைத் தாங்கி வேகத்தைத் தணிக்கிறது. மற்ற நாள்களில் ஆடுமாடு மேயவும் காற்றோடவும் இடம் தருகிறது. இந்த வேலைகளுக்கு வருவாய்ப் பதிவேட்டில் பத்தி இல்லை.

திருப்பதியின் புறநகரான பேரூரில் ஏரி நிலம் 150 ஏக்கரை வீடு கட்டுவதற்காகத் தேவஸ்தானத்துக்கு மாற்றி 1991 மார்ச் 15 அன்று ஓர் அரசாணை வெளிவந்தது. 1994 ஜனவரி 28 அன்று வந்த மற்றோர் ஆணை அவிலாலா ஏரி நிலத்தைத் துடாவுக்கும் வீட்டுவசதி வாரியத்துக்கும் வழங்கியது. வருவாய் வாரிய நிலையாணை ஏரிப் படுகையையும் உள்வாயையும் தனியாருக்கு ஒப்படை செய்யக்கூடாது என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தது. இங்கே பெற்றுக்கொண்டவர் தனியார் அல்லர்; அரசின் அமைப்புகளும் ஓர் அறநிலையமும். கேட்ட நோக்கமும் பழுதுடையது அன்று. ஊழியருக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் வீடு தேவைதான். இந்த வழக்கின் கனம் அதனால்தான் கூடுகிறது. ஒரு பொதுத்தேவைக்காக இன்னொரு பொதுத்தேவையைக் கணக்கில் எடுக்காமலே அழிக்கலாமா என்பதே கேள்வியாக எழுந்தது.

திருப்பதியைச் சேர்ந்த 'இன்டலெக்சுவல்ஸ் ஃபோரம்' என்னும் குடிமக்கள் அமைப்பு ஆந்திர உயர் நீதிமன்றத்தை அணுகியது. மனுக்கள் 2000-இல் தள்ளுபடி ஆயின. உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரி 23 அன்று தீர்ப்பளித்தது. அமர்வில் நீதிபதி ரூமா பாலுடன் இருந்து தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன், தேவகோட்டைக்காரர்; ஏரியும் ஊருணியும் இல்லாமல் உயிர் வாழ முடியாத சீமையிலிருந்து வந்தவர். ஏரி சமுதாயத்தின் சொத்து. அதிகாரிகள் அதன் பொறுப்பாளர்கள். சமுதாயத்தின் உரிமையைக் குலைக்கும்படி அதை வேறு எவருக்கும், எந்த அமைப்புக்கும் கைமாற்ற முடியாது என்பது தீர்ப்பின் மையம். 1996-இல் கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பொது நம்பிக்கைக் கோட்பாடு இங்கே ஏரிக்கு விரிந்தது. அந்தக் கோட்பாட்டுக்கு 1970-இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் ஜோசப் சாக்ஸ் வகுத்த விளக்கத்தின்படி, சில பொதுச் சொத்துகளை முழு விலை வந்தாலும் விற்க இயலாது; குறிப்பிட்ட பயன்களுக்காகவே அவற்றைப் பேணவேண்டும்.

ஆனால் வழக்கு நடந்த ஆண்டுகளில் வீடுகள் எழும்பிவிட்டன, பெருந்தொகை செலவாகியிருந்தது. நீதிமன்றம் இடிக்கச் சொல்லவில்லை. நிபுணர் குழுவின் ஆய்வை வைத்து, இருப்பதைக் கொண்டு ஏரியின் வேலையை முடிந்தவரை மீட்கும் வழியைத் தேடியது. அவிலாலாவில் இனி ஒரு கட்டுமானமும் கூடாது; கட்டிய ஒவ்வொரு வீட்டிலும் கூரை மழைநீர் சேகரிப்பு வேண்டும்; குடியிருப்பின் மழைநீர் முழுவதும் நிலத்தடிக்குப் போகவேண்டும்; ஆழ்துளைக் கிணறு கூடாது; அரசுக்கென ஒதுக்கிய 40 ஏக்கரில் சிமெண்டுத் தளம் போடும்படியான எந்தப் பயனும் ஆகாது என்று ஆணையிட்டது. பேரூரில் வரத்து ஓடையைத் தூர்வாரி, குறைந்தது 50 ஏக்கரில் கசிவுநீர்க் குட்டை அமைக்கவேண்டும் என்றது. 20 மீட்டர் ஆழம் வரை நீரை இறக்கும் செறிவூட்டுத் துளைகளும், சுவர்ணமுகியிலிருந்து வந்த பழைய கால்வாயை மீட்க முடியுமா என்ற ஆய்வும், நிலத்தடி நீர்மட்டத்தை அளக்கும் குழாய்களும் அதே ஆணையில் அடங்கின.

இந்த ஆணைகளைத் தொழில்நுட்ப விவரமாக மட்டும் வாசித்தால் அவற்றின் அருமை பிடிபடாது. ஏரியை இழந்த பிறகு அதன் வேலையை ஒவ்வொரு கூரைக்கும் ஒவ்வொரு துளைக்கும் பிரித்துக் கொடுக்க எத்தனை கட்டுமானம், எத்தனை மேற்பார்வை வேண்டியிருக்கிறது என்பதன் பட்டியல் அது. கரையும் மதகும் கலங்கலும் மண்ணாலும் கல்லாலும் செலவின்றிச் செய்துவந்த வேலை. திட்டமிடுவோர் ஒரு நிலத்தை மாற்றும் முன் எழுதிப் பார்க்கவேண்டிய கணக்கு இது. நிலத்தின் சந்தை மதிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அது செய்யும் வேலையை வேறு வகையில் செய்ய எவ்வளவு ஆகும் என்பதே உண்மை விலை.

தமிழ்நாடும் இதே வழியில் நடந்ததுதான். மாம்பலம் நெட்டேரி 1920-களில் தியாகராய நகராயிற்று. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையே 2004-இல் உலகனேரி கண்மாய்ப் பகுதியில் எழுந்தது. ஏரிப் பெயர் மட்டும் முகவரியில் தங்குவது இரு மாநிலத்துக்கும் பொது. திருப்பதியில் கொர்லகுண்டாவும், கங்கம்மா ஜாதரை நடக்கும் தாத்தய்யகுண்டாவும் இன்று தெருநெருக்கம் மிகுந்த பேட்டைகள். 'குண்ட' என்றால் தெலுங்கில் குட்டை.

2021 நவம்பர் 18 அன்று திருப்பதியில் கொட்டிய மழை இந்தப் பெயர்களின் பொருளை நினைவூட்டியது. மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் கபில தீர்த்தத்தில் பேரருவியாகப் பாய்ந்து நகருக்குள் புகுந்தது. தமிழில் பொன்முகலி என்று பாடப்பட்ட சுவர்ணமுகி கரையோர வீடுகளைப் பெயர்த்தது. இரண்டொரு நாளில், ராமச்சந்திராபுரம் அருகே ராயலசெருவு கரையில் கசிவு கண்டது. கீழுள்ள ஊர்களின் மக்களை அப்புறப்படுத்தி, மணல்மூட்டை அடுக்கி அதைக் காக்கவேண்டியதாயிற்று. கிருஷ்ணதேவராயர் காலத்தது என்று மக்கள் நம்பும் அந்த ஏரி அன்று தேக்கிய நீரெல்லாம், அது இல்லாதிருந்தால் ஊர்களுக்குள் போயிருக்கும். சித்தூரிலும் நகரின் நடுவே ஓடும் நீவா பெருகிற்று. நீவா பொன்னையில் சேர்கிறது; பொன்னை பாலாற்றில். சித்தூரில் ஓடைப் புறம்போக்கைக் குறுக்கினால் அதன் விளைவை வேலூர் மாவட்டமும் ஏற்க நேரிடும்.

மூடிய ஆலைகளும் மாறிய அலுவலகங்களும்

எல்லாப் பொதுநிலமும் நீர்நிலை அன்று. சித்தூரில் பெரிய கேள்வி, ஓய்ந்துபோன நிறுவனங்களின் மனைகள். மாவட்டக் கூட்டுறவுப் பால்பண்ணை 2002-இல் மூடப்பட்டது. வீட்டுக்கு ஒன்றிரண்டு மாடு வைத்து, விடியற்காலையில் கேனைச் சுமந்து சங்கத்தில் ஊற்றிய குடும்பங்களின் பங்குப் பணத்தில் வளர்ந்த பண்ணை அது. இருபது ஆண்டுகளுக்குப் பின் 182 கோடி ரூபாய் நிலுவையை அரசு தீர்த்து, 28 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை 99 ஆண்டுக் குத்தகையில் அமுல் பால் நிறுவனத்துக்கு அளிக்க முடிவு செய்தது. 2023 ஜூலை 4 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. பால் நிலம் பாலுக்கே திரும்பவேண்டும் என்ற அளவில் அந்த முடிவு பொருத்தமானது. 99 ஆண்டு என்பது வேறு. மூன்று நான்கு தலைமுறைக்கு ஒரு நிலத்தின் பயனைக் கட்டிவைக்கும் கால அளவு அது. தொழில் மனைக்கு 30 ஆண்டும், இடையிடையே குத்தகைத் தொகைத் திருத்தமும், நோக்கம் கைவிடப்பட்டால் நிலம் திரும்பும் விதியும் போதும். சித்தூரிலும் காஜுலமண்டியத்திலும் இயக்கம் நின்ற கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளின் நிலத்துக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்; அங்கே கரும்பு போட்ட உழவர்களின் பங்கும் உரிமையும் கணக்கில் முதலாவதாக நிற்கவேண்டும்.

2022-இல் மாவட்டம் பிரிந்தபோது திருப்பதிக்கு ஆட்சியர் அலுவலகம் இல்லை. திருச்சானூரில் யாத்திரிகருக்காகத் தேவஸ்தானம் கட்டிய ஸ்ரீபத்மாவதி நிலையம் அதற்காகக் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. வழக்கு எழுந்தது; உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி விதித்த தடையை அமர்வு நீக்கிய பின் அலுவலகம் இயங்கத் தொடங்கியது. பக்தர் காணிக்கையில் எழுந்த விடுதி அரசு அலுவலகமானது. அவசரத்துக்கு அது தீர்வாக அமைந்தது என்றாலும், மாவட்டத் தலைநகராக்கும் முன் அலுவலகத்துக்கு இடம் குறிக்காதது திட்டக் குறைவே. அதே வேளையில் சித்தூரில் எதிர்த்திசைக் கேள்வி பிறந்தது. நூறாண்டுக்கு மேல் பெரிய மாவட்டத்தைச் சுமந்த அலுவலக வளாகங்கள் இப்போது சிறிய மாவட்டத்துக்குரியவை. எந்தக் கட்டடம் எத்தனை ஊழியருக்கு, எந்தக் காலி மனை எதற்கு என்ற மறுகணக்கு அங்கே உடனடித் தேவை. ஒவ்வொரு துறையும் தன் மதிலுக்குள் இருப்பதைத் தன் சொத்தாகவே கருதுவதால் இந்தக் கணக்கை ஒரு துறை தனியாகப் போட முடியாது.

திட்டமிடும் வகை

முதல் வேலை இருப்புப் பதிவேடு. நகர எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு பொதுமனைக்கும் சர்வே எண், பரப்பு, உடைமைத் துறை, பதிவேட்டு வகை, களத்தில் இன்றுள்ள நிலை ஆகியவற்றோடு, அது செய்துவரும் வேலைக்கும் ஒரு பத்தி வேண்டும். 2020 டிசம்பரில் ஆந்திரத்தில் தொடங்கிய மறு நிலஅளவை டிரோனையும் செயற்கைக்கோள் நிலையத்தையும் கொண்டு எல்லைகளைத் துல்லியமாக்க முனைந்தது. எல்லை துல்லியமானால் மட்டும் பயன் விளங்காது. ஓடையில் நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று வரைபடம் சொல்வதைவிட, அங்கே ஆடு மேய்ப்பவர் தெளிவாகச் சொல்வார்.

பார்வையிடும் பருவமும் முக்கியம். ஆந்திரத்தின் தென்கோடியான இப்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழை முக்கியமான மழை. மே மாதத்தில் தலத்தாய்வுக்குச் செல்பவர் கண்ணுக்கு எந்த உள்வாயும் மைதானம்தான். பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், லாரி நிற்கும். அதே இடத்தை நவம்பர் இறுதியில் பார்த்தால் முழங்கால் நீர் நிற்கும். கைமாற்றக் கோப்பில் இரு பருவத்தின் தலத்தாய்வும் படமும் கட்டாயம் என்று ஒரு விதி வந்தால் பாதித் தவறுகள் குறையும்.

அடுத்து, தொடக்கூடாதவற்றைத் தனியே பிரிப்பது. ஏரி, ஓடை, கால்வாய், கலங்கல் போக்கு, சுடுகாடு, மனைப்பிரிவின் திறந்தவெளி ஆகியவை விலை பேசும் பட்டியலிலேயே இடம்பெறலாகாது. மீதியுள்ளவற்றில் நகரின் நடுவே கிடப்பவை அருமையானவை. அவற்றை விற்று வந்த பணத்தில் புறநகரில் மலிவாக இடம் வாங்கலாம் என்ற வாதம் அடிக்கடி எழும். பணக் கணக்கில் அது சரியாகத் தோன்றும். ஆனால் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்த மகப்பேறு மருத்துவமனையோ நூலகமோ புறவழிச்சாலைக்குப் போனால், ஆட்டோவுக்குக் கூலி கொடுக்கவேண்டியவர் ஏழை. விற்ற நடுநகர் நிலம் மீண்டும் பொதுக்கைக்கு வரும் வழியும் இல்லை.

வீடற்றவரின் தேவையை இங்கே மறைக்க முடியாது. 2020 டிசம்பரில் மாநிலம் முழுவதும் ஏறக்குறைய 30 லட்சம் குடும்பங்களுக்கு வீட்டுமனை தரும் திட்டம் தொடங்கியது; அன்றைய சித்தூர் மாவட்டத்தில் ஸ்ரீகாளஹஸ்தி அருகே ஊரந்தூரில் பட்டா வழங்கப்பட்டது. ஏழைக்கு மனை தருவது பொதுநிலத்தின் மிகச் சிறந்த பயன்களில் ஒன்று. அந்த மனை வெள்ளம் வராத இடத்திலும், கூலிவேலைக்குப் போய்வரும் தொலைவிலும் இருந்தால்தான் அது வீடாகும். ஏரி உள்வாயில் பட்டா பெற்ற குடும்பம் ஒவ்வொரு ஐப்பசியிலும் பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கும்.

சிங்கப்பூரின் பட்டறிவில் இரண்டு செய்திகள் இச்சிறு நகரங்களுக்கும் உதவும். அங்கே பெரும்பான்மை நிலம் அரசுடையது. அது பெரும்பாலும் விற்கப்படுவதில்லை, காலவரையோடு குத்தகைக்கே போகிறது. பெருந்திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தப்பட்டு மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. மற்றொன்று இடைக்காலப் பயன். எதிர்காலத் தேவைக்காக ஒதுக்கிய நிலத்தையும் மூடிய பள்ளிக் கட்டடங்களையும் சும்மா பூட்டிவைக்காமல் சில ஆண்டு வாடகைக்கு விட்டு, தேவை வந்ததும் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். சித்தூரில் ஓய்ந்த ஆலை முற்றத்தில் மாம்பழப் பருவத்துக்கு மட்டும் மண்டி நடத்தலாம். திருப்பதியில் பிரம்மோற்சவ நாள்களுக்கு வாகன நிறுத்தமும் யாத்திரிகர் தங்கல் கொட்டகையும் போடலாம். ஆக்கிரமிப்பைத் தடுக்க முள்வேலியைவிட ஆள் நடமாட்டம் நல்ல காவல்.

முடிவு எடுக்கும் வழியும் திட்டத்தின் பகுதியே. கைமாற்ற முன்மொழிவு தாசில்தாரிடம் தொடங்கி, வருவாய்க் கோட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர், நில நிர்வாகத் தலைமை ஆணையர் வழியாக அரசுக்குப் போகிறது. இடையில் ஆட்சேபணை கேட்டு ஓர் அறிவிப்பு வெளியிடப்படும். அது பெரும்பாலும் அலுவலகச் சுவரில் ஒரு தாள். சர்வே எண்ணும் பரப்பும் மட்டும் இருக்கும். தன் தெருக்கோடியில் உள்ள குட்டையைத்தான் அந்த எண் குறிக்கிறது என்று வாசிப்பவருக்குத் தெரியாது. எண்ணோடு இடத்தின் பெயர், நான்கெல்லை, எதிலிருந்து எதற்கு மாறுகிறது என்ற விவரம், எளிய வரைபடம் ஆகியவற்றை அச்சிட்டு, அந்த நிலத்தின் ஓரத்திலேயே பலகையாக நட்டுவைக்கவேண்டும். மாமன்றத்திலும் வார்டுக் கூட்டத்திலும் அது படிக்கப்படவேண்டும். நகரி, சத்யவேடு, குப்பம் போலத் தமிழ் பேசும் குடும்பங்கள் மிகுந்த ஊர்களில் பலகையில் தெலுங்குக்குக் கீழே தமிழும் இருக்கவேண்டும். ஆட்சேபணைக் காலம் ஒரு மழைப் பருவத்தையாவது உள்ளடக்கியதாக அமைந்தால், பலகையைப் படித்தவர் நிலத்தில் நிற்கும் நீரையும் சேர்த்தே பார்ப்பார்.